மேல் ஓரம்

திருகாணியைப் பற்றி நல்லதாக எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுவேன். கெட்டதாக எழுதச் சொன்னால் ஒரே வரி போதும். இரண்டையும் ஒரே ஆளுக்குள் அடக்கி எழுதத்தான் கை வரவில்லை. மூன்று முறை எழுதிக் கிழித்தாயிற்று. இது நாலாவது.

முதலில் எங்கள் குழுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சொந்தக் கையால் படகு கட்டிப் பாய் விரித்து ஓட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கான இணையக் குழு அது. ஆசைப்படுகிறவர்கள் அறுநூறு பேர். கட்ட ஆரம்பித்தவர்கள் அறுபது பேர். கட்டி முடித்துத் தண்ணீரில் விட்டவர்கள் இருபது பேர் தேறினால் அதிகம். மிச்சப் பேர் வாயாலேயே ஓட்டுகிறவர்கள். பிளைவுட் விலை, பசை வாடை தாங்காமல் மனைவி அம்மா வீட்டுக்குப் போனது, கார் நிறுத்தும் இடத்தை அடைத்ததற்கு மாடிவீட்டுக்காரர் போட்ட சண்டை, இதெல்லாம்தான் அங்கே பேச்சு. ஒரு புண்ணியவான் உள்ளறையில் வைத்துக் கட்டி முடித்துவிட்டு, வாசல் அகலம் பத்தாமல் ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்த்தார். அந்தப் படத்துக்கு விழுந்த கைதட்டல் ஒழுங்காகக் கட்டிய ஒருத்தருக்கும் விழுந்ததில்லை.

நான் தார்ப்பாயும் வண்டி சீட் உறையும் தைக்கிற கடை வைத்திருக்கிறேன். படகுக்குப் பாய் தைத்துத் தரச் சொல்லி வந்த ஒருவரால் இந்தப் பைத்தியம் எனக்கும் பிடித்தது. இரண்டு படகு கட்டினேன். குழுவை ஆரம்பித்தவர் அலுத்துப்போய் ஒதுங்கியபோது அதை நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அங்கே யாருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் கிடையாது. நான் தார்ப்பாய். வயதில் சின்னவர்கள் தார்ப்பாய் அக்கா என்பார்கள்.

திருகாணி எட்டு வருடமாகக் குழுவில் இருந்தார். யார் என்ன கேட்டாலும் மறுநாளைக்குள் பதில் வந்துவிடும். 'அன்பரே' என்று ஆரம்பிப்பார். எந்தத் திருகு, எத்தனை அங்குலம், பசை எவ்வளவு நேரத்தில் இறுகும், மழை நாளில் என்ன செய்வது என்று ஒன்றுவிடாமல் இருக்கும். படகு விஷயத்தைக் கரைத்துக் குடித்தவர் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். என்னைப்போல 'முதல்ல படிச்சிட்டு வந்து கேளுங்க' என்று எரிந்து விழவும் மாட்டார். புதிதாக வருகிறவர்கள் என்னைக் கண்டால் பம்முவார்கள், அவரிடம் போய் ஒட்டிக்கொள்வார்கள்.

அதனால் அவரைக் குழுவின் மேற்பார்வையாளர் ஆக்கினேன். மேற்பார்வையாளர் எந்தப் பதிவையும் திருத்தலாம். திருத்தியது மற்றவர் கண்ணுக்குத் தெரியாது, என் பக்கத்துக் குறிப்பேட்டில் மட்டும் பதிவாகும். அந்த அதிகாரத்தை அவருக்குக் கொடுத்தவள் நான்தான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வந்து சுட்டிக்காட்ட வேண்டாம்.

ஒரே ஒரு குறை, தன் படகின் படத்தை அவர் ஒருநாளும் போட்டதில்லை. கேட்டால் கேமரா சரியில்லை என்பார். எட்டு வருடமாகச் சரியாகாத கேமரா! எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். பதில்கள் சரியாக இருந்ததால் நான் துருவவில்லை.

போன வருடம் பிளாஸ்க் வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடம் ஒன்றில் ஆய்வுக்கூட உதவியாளர். அவர் போடுகிற எல்லாப் படத்திலும் ஒரு மூலையில் சிவப்பு நிற டீ பிளாஸ்க் நிற்கும், அதனால் அந்தப் பெயர். வாடகைக் கொட்டகை ஒன்றில் பதினாலடி நீளப் பாய்ப்படகு கட்டிக்கொண்டிருந்தார். சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆள். செய்துவிட்டு, வீட்டுப்பாடம் காட்டுகிற பிள்ளை மாதிரி படமும் போடுவார். எங்கள் குழுவில் அப்படிப்பட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அவர் கேட்டது காற்றுப் பெட்டியைப் பற்றி. படகின் இரண்டு முனையிலும் குறுக்குப் பலகை வைத்து அடைத்து, உள்ளே வெறும் காற்றை விட்டு வைப்போம். படகு கவிழ்ந்து தண்ணீர் நிரம்பினாலும் அந்தப் பெட்டிகள் அதை மூழ்க விடாது. அதைப் பிடித்துக்கொண்டு உதவி வரும்வரை மிதக்கலாம். ஒரே தொல்லை, வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து, பலகை ஒட்டிய இடத்தைப் பிளந்துவிடும். அதற்காகக் குறுக்குப் பலகையில் சின்னதாக ஒரு மூச்சுத் துளை போடுவது வழக்கம். அந்தத் துளை உயரத்தில் இருக்க வேண்டும். படகுக்குள் தெறிக்கிற தண்ணீர் அடியில்தானே தேங்கும்.

இன்னொரு விஷயம். படகைத் தலைகீழாக வைத்துத்தான் கட்டுவோம். குறுக்குப் பலகைகளைக் கவிழ்த்து வரிசையாக நிறுத்தி, பக்கப் பலகைகளை அவற்றின்மேல் வளைத்துப் பதிப்போம். மாதக்கணக்கில் படகின் வயிறு கூரையைப் பார்த்துக் கிடக்கும். அந்த நாட்களில் மேல் எது, கீழ் எது? ஒரு படகாவது கட்டியவர்களுக்கு இது ரத்தத்தில் ஊறியது. யாராவது 'மேல்' என்று சொன்னால், 'திருப்பிட்டீங்களா, இன்னும் கவுந்துதான் கிடக்கா?' என்று வாய் தானாகக் கேட்கும். இன்று எங்கள் குழுவில் அந்தச் சொற்களுக்கே இடமில்லை. வானப் பக்கம், தண்ணீர்ப் பக்கம் என்றுதான் எழுத வேண்டும். மறந்து எழுதினால் அழித்துவிடுகிறேன், யார் முணுமுணுத்தாலும் சரி.

பிளாஸ்க் கேட்ட அன்று அந்த விதி கிடையாது. மூச்சுத் துளையை எங்கே போடுவது என்று கேட்டார். திருகாணி எழுதினார்: 'அன்பரே, குறுக்குப் பலகையின் மேல் ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி, பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு துளை. உள்விளிம்பில் பசை தடவ மறக்காதீர்கள்.' மறுநாள் பிளாஸ்க், 'ஆச்சு சார், ரெண்டு பலகையிலயும் போட்டுட்டேன்' என்று எழுதினார். துளையை மட்டும் கிட்டத்தில் எடுத்த படம். வெறும் மரம், நடுவில் ஓட்டை. நான் அதைப் பார்த்தேன். பார்த்து, கட்டைவிரல் தூக்கிய பொம்மையைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன். இரண்டு படகு கட்டியவள் நான். படகு எப்படிக் கிடக்கிறது என்று கேட்க எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

கவிழ்ந்து கிடந்த பலகையின் மேல் ஓரத்தில் பிளாஸ்க் துளை போட்டார். படகை நிமிர்த்தியதும் அது அடிக்குப் போய்விட்டது.

ஐந்து மாதம் கழித்து, ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய ஏரியில் படகை இறக்கினார். மூன்று முறை நன்றாகப் போய் வந்தார், படமெல்லாம் வந்தது. நாலாவது முறை மனைவியின் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார். நல்ல நிலையில் இருந்த மிதவைச் சட்டை ஒன்றுதான். நீச்சல் தெரியாத மச்சானுக்கு அதைப் போட்டுவிட்டார். காலையெல்லாம் அலை தெறித்துத் தெறித்து உள்ளே தேங்கிய தண்ணீர், அடியில் இருந்த துளை வழியாகச் சத்தமில்லாமல் இரண்டு பெட்டிக்குள்ளும் ஏறியிருக்கிறது. மதியம் காற்று வலுத்துப் படகு கவிழ்ந்தது. இருவரும் அதைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். 'பயப்படாத மச்சான், இது முழுகாது. உள்ள காத்துப் பெட்டி இருக்கு' என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னாராம். அரை மணி நேரத்தில் அது அவர் கையை விட்டு இறங்கிவிட்டது. மச்சானை மீன்பிடிப் படகுக்காரர்கள் தூக்கினார்கள். அவரை மறுநாள்தான் கண்டெடுத்தார்கள்.

குழுவில் செய்தி வந்த அன்று யாரும் வேறு எதுவும் எழுதவில்லை. ஒரு வாரம் கழித்து பிளாஸ்க்கின் பெயரிலேயே ஒரு பதிவு வந்தது. அவருடைய மனைவி எழுதியிருந்தார்.

'நான் அவருடைய வீட்டுக்காரி. படகில் ஓட்டை அடியில் இருந்தது என்று என் தம்பி சொல்கிறான். கேட்டதற்கு, தண்ணீர் வெளியே வடிவதற்காகவும் இருக்கும் என்று இவர் சொன்னாராம். எங்கள் வீட்டில் எல்லோரும் அவர் தப்பாகக் கட்டித் தன் உயிரையும் விட்டு, தம்பி உயிருக்கும் உலை வைக்கப் பார்த்தார் என்கிறார்கள். நீங்கள் விஷயம் தெரிந்தவர்கள். அவர் சரியாகச் செய்தாரா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்.'

அந்தப் பெண் கேட்டது அவ்வளவுதான். நஷ்ட ஈடு கேட்கவில்லை, யாரையும் குற்றம் சொல்லவில்லை. செத்துப்போன புருஷனுக்கு அவள் மனதில் என்ன இடம் என்பதை எங்களிடம் கேட்டாள்.

எல்லோரும் பழைய பதிவைத் தேடிப் பார்த்தோம். திருகாணியின் பதில் அங்கே இருந்தது. 'குறுக்குப் பலகையின் மேல் ஓரத்திலிருந்து (படகு நிமிர்ந்த நிலையில்) இரண்டு விரல் தள்ளி' என்று இருந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஒருவர் பின் ஒருவராக, எவ்வளவு நயமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு நயமாக, அவர் அந்த வரியைக் கவனிக்காமல் விட்டிருக்கலாம் என்று எழுதினோம். நானும்தான் எழுதினேன். திருகாணி மட்டும் எதுவும் எழுதவில்லை. துக்கத்தில் இருக்கிறார் என்று நினைத்தேன்.

'புரிந்தது. நன்றி' என்று அந்தப் பெண் பதில் போட்டாள். அதன்பிறகு வரவில்லை.

பதினோரு நாள் கழித்து, பிளாஸ்க் எழுதியதையெல்லாம் தொகுத்து அவளுக்கு அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன். மாதாமாதம் குழுவை முழுதாகப் பிரதி எடுத்து வைப்பது என் வழக்கம். படங்கள் சீக்கிரம் திறக்கும் என்பதால் பழைய பிரதியிலிருந்தே எடுத்தேன். அந்தப் பதிலும் வந்தது. அடைப்புக்குறிக்குள் இருந்த மூன்று வார்த்தை அதில் இல்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். இல்லை. குறிப்பேட்டைத் திறந்தேன். பிளாஸ்க் இறந்த நாலாம் நாள், மதியம் மூன்று பத்துக்கு, திருகாணி அந்தப் பதிவைத் திருத்தியிருந்தார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர் மறைத்தது ஒரு பிணத்தை. எனக்கு வந்த கோபத்தில் தையல் மிஷினை அணைக்காமலே கிளம்பிவிட்டேன். குழு சார்பில் ஒருமுறை அவருக்குத் தோள்பை தைத்து அனுப்பியிருந்ததால் வேலை செய்யும் இடத்து விலாசம் என்னிடம் இருந்தது.

பேருந்துப் பணிமனை ஒன்றின் உதிரி பாகக் கிடங்கு. கம்பி வலை போட்ட கவுண்டர், அதில் கை மட்டும் நுழைகிற அளவுக்கு ஒரு திறப்பு. மெக்கானிக்குகள் சீட்டு நீட்டினால் உள்ளேயிருந்து போல்ட்டோ பேரிங்கோ வரும். பின்னால் கூரை வரைக்கும் தகரத் தட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரே மாதிரிக் கையெழுத்தில் ஒட்டிய எண்கள். ஐம்பது தாண்டிய, ஒடிசலான மனிதர் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமலேயே கையை எந்தத் தட்டில் விட வேண்டுமோ அந்தத் தட்டில் விட்டார். சட்டைப் பையில் மூச்சிழுப்புக்கு உறிஞ்சுகிற மருந்துக் குழல் துருத்திக்கொண்டிருந்தது.

நான் பழைய பதிவை அச்சிட்ட தாளைத் திறப்பு வழியாக நீட்டினேன். அதையும் சீட்டு என்று நினைத்து வாங்கியவர், படித்ததும் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"தார்ப்பாயா?" என்றார்.

"ஆமா. கேமரா சரியாயிடுச்சா சார்?"

அந்தக் கேலி அவருக்குப் புரிந்தது. பக்கவாட்டுக் கதவைத் திறந்து என்னை உள்ளே விட்டார். பின்னால் சீட்டுக்காக நின்ற மெக்கானிக்கிடம், "அஞ்சு நிமிஷம் இருப்பா" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நான் படகு கட்டினதே இல்லம்மா."

பத்தொன்பது வயதில் இந்தக் கிடங்குக்கு வேலைக்கு வந்தவர். கல்யாணம் ஆகவில்லை. இரண்டு அறை வீட்டில் அக்காவோடும், பக்கவாதத்தில் படுத்துவிட்ட மாமாவோடும் இருக்கிறார். படகு ஆசை எங்கேயிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. புத்தகமாக வாங்கிப் படித்தார். ஒருமுறை நாலு பிளைவுட் பலகையும் வாங்கிவிட்டார். முதல் பலகையை அறுத்த அன்றே தூசியில் மூச்சு அடைத்து மூன்று நாள் ஆஸ்பத்திரி. திரும்பி வந்து பார்த்தால், மாமாவின் கட்டிலுக்கும் இவர் பாய்க்கும் நடுவே அந்தப் பலகைகளைத் தடுப்பாக நிறுத்தி ஆணி அடித்திருந்தார் அக்கா. "தம்பி, உனக்கும் ஒரு ரூம் ஆச்சுடா" என்றாராம்.

"அந்தத் தடுப்புக்கு இந்தப் பக்கம் உக்காந்துதான் நம்ம குழுவுல எழுதுவேன்" என்றார். "இங்க என்னை யாரும் போல்ட்டு நம்பர் தவிர எதுவும் கேட்டதில்ல. அங்க அறுநூறு பேர் கேட்டாங்க."

பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்க்கிற நேரம் அதுவல்ல.

"படகைக் கவுத்துப் போட்டுத்தான் கட்டுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். படிச்சிருக்கேன். நூறு தடவ படிச்சிருக்கேன்." கையிலிருந்த தாளை மடித்தார். "ஆனா புத்தகத்துல குறுக்குப் பலகைப் படம் போட்டிருப்பாங்க பாருங்க, அது நிமிர்ந்துதான் இருக்கும். எனக்கு மனசுல எப்பவும் அந்தப் படம்தான் வரும்."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பின்னால் குழுவில் பத்துப் பேர் எழுதினார்கள். எட்டு வருடம் அந்தச் சுரைக்காயை வெட்டிச் சாப்பிட்டவர்கள்தான் அத்தனை பேரும்.

"தப்பு எல்லாருக்கும் வரும் சார். நானும்தான் பார்த்தேன், கேக்காம விட்டேன். அந்த மூணு வார்த்தைய ஏன் சேர்த்தீங்க?"

"அது அங்க இருந்திருக்கணும். இருந்திருக்க வேண்டியதைத்தான்..."

"இருந்திருக்க வேண்டியதுக்கும் இருந்ததுக்கும் நடுவுல ஒரு ஆள் செத்திருக்கார்!"

கவுண்டருக்கு வெளியே நின்ற மெக்கானிக் எட்டிப் பார்த்தான். திருகாணி இருமத் தொடங்கினார். மருந்தை இரண்டு முறை உறிஞ்சிய பிறகுதான் பேச்சு வந்தது. அந்தப் பெண் கேட்பாள் என்று அப்போது தெரியாது, புதிதாக யாராவது படித்து அதே தப்பைச் செய்துவிடக் கூடாது என்றுதான் திருத்தினேன் என்றார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவரே, "இல்லம்மா, பயந்துட்டேன்" என்றார்.

குழுவில் எழுதுகிறேன் என்றார். கூடாது, நேரில் வந்து சொல்லுங்கள் என்றேன். மறுநாள் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

பிளாஸ்க்கின் வீடு இரண்டாவது மாடியில். படியேறி முடிப்பதற்குள் அவர் மூன்று இடத்தில் நின்றார். அந்தப் பெண் கதவைத் திறந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கூடத்தில் நாற்காலிகளை ஒரு ஓரமாக அடுக்கி வைத்திருந்தார்கள். துக்கம் கேட்க வந்தவர்களுக்காகக் கொண்டுவந்தது, இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது. இரண்டை எடுத்துப் போட்டாள். நான் யார் என்று சொன்னதும், "உக்காருங்கக்கா" என்றாள். அவரைச் சார் என்றாள்.

அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். தான் படகு கட்டாதவன் என்பது, என்ன எழுதினார் என்பது, எதை எப்போது சேர்த்தார் என்பது, எல்லாவற்றையும் சொன்னார். பழைய தாளையும் கொடுத்தார். எண் போட்டுப் பதில் எழுதுகிற மாதிரி ஒன்றுவிடாமல் வரிசையாகச் சொல்லி முடித்து, "உங்க வீட்டுக்காரர் மேல ஒரு தப்பும் இல்லம்மா" என்றார்.

அவள் தாளை இரண்டு முறை படித்தாள். அழுவாள் என்று நினைத்தேன். திட்டினாலும் பரவாயில்லை என்று நினைத்தேன்.

"நீங்க தெரியாம சொன்னதை நான் மன்னிச்சிடுவேன் சார்" என்றாள். "எப்பவாவது மன்னிச்சிடுவேன். ஆனா அப்புறமா சேர்த்தீங்களே. அதைப் படிச்சிட்டு இந்தப் பன்னெண்டு நாளா நான் அவரைத் திட்டிக்கிட்டிருக்கேன். சட்டையெல்லாம் மூட்டை கட்டி வெளிய போட்டேன். சரியாப் படிக்கத் துப்பில்லாத மனுஷன், எங்களை நடுத்தெருவுல விட்டுட்டுப் போயிட்டான்னு போறவங்க வர்றவங்ககிட்டயெல்லாம் சொன்னேன். செத்தவரைத் திட்டினேன் சார். அவர் திரும்ப ஒரு வார்த்தை பேச முடியுமா?"

 நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டு உள்ளே போனாள். திரும்பி வரும்போது பத்து வயதுப் பெண் ஒருத்தியைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். அப்பாவின் சாயல். விரல் நுனியில் மை.

"இவகிட்டயும் சொல்லிட்டேன்" என்றாள். "'ஏம்மா அப்பா செத்தாரு'ன்னு கேட்டா. உங்கப்பா சொன்னதைக் கவனிக்கல, அதனாலதான்னு சொன்னேன். இப்ப நான் மாத்திச் சொன்னா நம்ப மாட்டா. நீங்களே சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அந்தப் பிள்ளையின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். அவர் நெஞ்சு இளைப்பில் கீச்சிட்டது எனக்கே கேட்டது.

"உங்கப்பா கவனமாத்தான் இருந்தார் பாப்பா. படகை ரொம்பச் சரியாக் கட்டினார்."

அவள் அம்மாவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு அவரிடம் திரும்பினாள்.

"சரியாக் கட்டினா ஏன் முழுகிச்சு?"

"நான் சொன்னபடி கட்டினதால" என்றார் அவர்.